ஆட்சிமொழி: டச்சு

சுரினாம் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றதும், “ஆப்பிரிக்காவில்தானே இருக்கிறது?” என்று கேட்போரே தில்லியில் மிகுதி. அது தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், கயானாவுக்கும் பிரெஞ்சு கயானாவுக்கும் இடையில் உள்ள நாடு. பரப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரியது; மக்களோ ஏறத்தாழ 6 லட்சம் பேர். நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காடு. தலைநகர் பரமாரிபோ. விடுதலை பெற்றது 1975 நவம்பர் 25. பொது அறிவு நூல்களில் இவற்றோடு இன்னொரு வரியும் இருக்கும்: ஆட்சிமொழி, டச்சு. எனக்கு மனக்குறை அந்த வரியில்தான்.

பரமாரிபோவில் பள்ளியும் நீதிமன்றமும் டச்சு மொழியில் நடக்கின்றன. தெருவிலும் சந்தையிலும் கேட்பது ஸ்ரானன் தோங்கோ. அது ஆங்கிலச் சொற்களை ஆப்பிரிக்க அடிமைகள் தம் நாவுக்கு வசப்படுத்தி ஆக்கிய மொழி. ஆங்கிலேயர் அங்கே நிலைத்தது இருபது ஆண்டுகூட இல்லை. 1667இல் நாடு டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. சொற்கள் போகவில்லை. உள்காட்டின் ஆற்றங்கரைகளில், தோட்டங்களிலிருந்து தப்பிச் சென்றோரின் வழித்தோன்றல்கள் சராமக்கா, நிஜுகா மொழிகளைப் பேசுகின்றனர். ஜாவாவிலிருந்து வந்தோரின் மொழி வேறு.

என் ஆய்வு இவற்றுள் சர்னாமியைப் பற்றியது. 1863இல் அடிமை முறை ஒழிந்தது; எனினும் விடுதலை பெற்றோர் மேலும் பத்தாண்டு தோட்டங்களிலேயே உழைக்க வேண்டியிருந்தது. அந்தத் தவணை முடிந்த 1873இல், ஜூன் 5 அன்று, ‘லல்லா ரூக்’ என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1916 வரை 34,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பகுதியினர். தமிழர் சென்ற தோட்டங்கள் வேறு: நட்டால், மொரீஷியஸ், பிஜி, மார்த்தினிக். அவதியும் போஜ்புரியும் ஒரே தோட்டக் குடியிருப்பில் கலந்து, ஸ்ரானன், டச்சுச் சொற்களையும் ஏற்றுக்கொண்டபோது பிறந்ததே சர்னாமி.

இன்று பதிவேடுகளில் ஒருவரின் பாட்டனைத் தேடுவது எளிதன்று. பலருக்கு இருந்தது ஒற்றைப் பெயர்; அதுவே பின்னர் குடும்பப் பெயராயிற்று. முன்னெழுத்தோடு வளர்ந்த நமக்கு இந்த இடர் எளிதில் விளங்கும். போதாக்குறைக்கு டச்சு எழுத்துமுறை ‘உ’ ஒலியை ‘ஓ’, ‘ஈ’ என்னும் இரண்டு ரோமன் எழுத்துகளால் குறிக்கும். துர்கா என்ற பெயர், ஆங்கிலம் பழகிய கண்ணுக்கு ‘தோயர்கா’ என்று தெரியும்.

2020இல் சந்திரிகாபெர்சாத் சந்தோகி சமஸ்கிருத மந்திரம் ஓதி அதிபராகப் பதவியேற்றபோது இந்திய ஊடகங்கள் பூரித்தன. அவரைப் போன்றோரின் பாட்டிமார் பேசியது சமஸ்கிருதம் அன்று, சர்னாமி. அதைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. அங்கும் மந்திரத்துக்கு உள்ள மதிப்பு பேச்சுக்கு இல்லை. நெடுங்காலம் அதனைச் சிதைந்த இந்தி என்றே பலர் தாழ்த்தினர். சமயச் சடங்குகளிலும் முறையான வகுப்புகளிலும் இந்திக்கே இடம். வீட்டிலோ டச்சு மேலேறி வருகிறது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நெதர்லாந்துக்குப் பெயர்ந்தனர். ஆகவே சர்னாமியைக் கேட்க ஹேக் நகரத்துக்கும் போகலாம். அந்நாட்டில் மருத்துவராய் இருந்த ஜீத் நாராயண், 1977இல் தம் முதல் கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். அதன் பெயர் ‘தால் பாத் சட்னி’: பருப்பு, சோறு, துவையல்.