ஓடியது காலா, காலணியா?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கோல்ஃப் என்றாலே நம்மில் பலர் டிவியில் சேனலை மாற்றிவிடுவோம். ஆனால் இயற்பியல் வாத்தியாருக்கு அது நல்ல பாடம். ஒரு காலத்தில் தூரமாக அடிக்கும் கோலின் தலையைப் பெர்சிமன் என்ற மரத்தில் செய்தார்கள். பிறகு எஃகு வந்தது, 1990-களில் டைட்டானியம் வந்தது. டைட்டானியத்துக்கு எடை குறைவு, வலிமை அதிகம். அதனால் தலையைப் பெரிதாகவும், அடிக்கும் முகத்தை மெல்லிசாகவும் செய்ய முடிந்தது. பந்து மோதும்போது அந்த முகம் சற்று உள்வாங்கி, மீண்டு வந்து பந்தைத் தள்ளிவிடும். மரத்தில் இது நடக்காது. பந்துதான் அதிகம் நசுங்கும், அதில் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். 'மீட்சி மோதல்' பாடம் ஞாபகம் வருகிறதா? அதேதான்.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரித் தூர அடி 1980-ல் சுமார் 257 கெஜம். 2023-ல் கிட்டத்தட்ட 300 கெஜம். உடற்பயிற்சிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் கோலுக்கும் புதிய பந்துக்கும் பெரிய பங்கு. அடி நீண்டதும் மைதானமும் நீண்டது. 1997-ல் டைகர் வுட்ஸ் முதல்முறை மாஸ்டர்ஸ் ஜெயித்தபோது அகஸ்டா மைதானத்தின் நீளம் 6,925 கெஜம். இப்போது 7,500-ஐத் தாண்டிவிட்டது. அதிக நிலம், அதிகப் புல், அதிகத் தண்ணீர். கோலின் மீட்சிக்கும், தலையின் அளவுக்கும் (460 கன சென்டிமீட்டர்) முன்பே உச்சவரம்பு வைத்தார்கள். பந்தின் தூரத்தையும் குறைக்கும் புதிய விதியை 2023 டிசம்பரில் அறிவித்தார்கள்.

"எல்லாரும் அதே கோலைத்தானே வாங்குகிறார்கள், இதில் அநியாயம் எங்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில்: பொருள் மாறும்போது எந்தத் திறமைக்குப் பரிசு கிடைக்கிறது என்பதும் மாறிவிடுகிறது. குறி பார்த்து அடிப்பவரைவிட ஓங்கி அடிப்பவருக்கு லாபம் கூடுகிறது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஓர் உதாரணம். 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கினார். பந்து கெட்டுப்போகிறது என்று இங்கிலாந்து கேப்டன் பிரேர்லி புகார் செய்தார். அதன்பின் மட்டையின் அடிக்கும் பாகம் மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது.

நீச்சலில் கதை இன்னும் தீவிரம். 2008, 2009-ல் பாலியூரிதேன் கலந்த உடைகள் வந்தன. உடலை இறுக்கிப் பிடித்து, தண்ணீரின் இழுவையைக் குறைத்து, மிதக்கவும் உதவின. 2009 ரோம் உலகப் போட்டி ஒன்றில் மட்டும் 43 உலக சாதனைகள்! அங்கே 200 மீட்டரில் மைக்கேல் ஃபெல்ப்ஸைத் தோற்கடித்த ஜெர்மனியின் பீடர்மானே, தன் உடைக்கும் அதில் பங்கு உண்டு என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். 2010 ஜனவரி 1 முதல் அந்த உடைகளுக்குத் தடை. ஆனால் சாதனைகளை அழிக்கவில்லை. பின்னால் வந்த பிள்ளைகள் துணி உடையில், அந்த உடையின் நேரத்தை விரட்ட வேண்டியதாயிற்று.

இனி ஓட்டம். 2017-ல் நைக் நிறுவனம் வேப்பர்ஃப்ளை என்ற ஷூவைக் கொண்டுவந்தது. மிக லேசான, நன்றாகத் துள்ளும் நுரை. நடுவில் விறைப்பான கார்பன் தகடு. ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றலில் சராசரியாக 4 சதவீதம் மிச்சம் என்று ஆய்வகத்தில் அளந்தார்கள். மாரத்தானில் 4 சதவீதம் சின்ன விஷயமில்லை. வயிற்றெரிச்சலான செய்தி என்னவென்றால், அது கடைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு, ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் மாரத்தானில் பதக்கம் வாங்கிய மூவரும் அதன் முன்மாதிரியை அணிந்திருந்தார்கள். மற்றவர்களால் காசு கொடுத்தும் வாங்க முடியாத ஷூ! 2020-ல்தான் உலகத் தடகள அமைப்பு வரம்பு வைத்தது. சாலை ஓட்டத்தில் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் கூடாது, கடையில் கிடைக்காததைப் போட்டுக்கொண்டு ஓடக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. புதிய பொருள் வருவதில் தப்பில்லை. சிலருக்கு மட்டும் வருவதுதான் தப்பு.

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பத்தாவது படிக்கும் அவன் மகள் மாவட்ட அளவில் 3,000 மீட்டர் ஓடுகிறாள். "சார், கார்பன் ஷூ இருபதாயிரம் சொல்றாங்க. கடன் வாங்கியாவது வாங்கிடவா?" என்றான். அவன் ஆட்டோ ஓட்டுகிறான். குரலில் பயம் தெரிந்தது. தன்னால் மகள் தோற்றுவிடுவாளோ என்ற அப்பாவின் பயம்.

"வாங்காதே தம்பி" என்றேன். காரணமும் சொன்னேன். அது சாலை ஓட்டத்துக்கான ஷூ. ட்ராக்கில் உலகத் தடகள விதிப்படி அனுமதி 20 மில்லிமீட்டர்தான். தடித்த ஷூவில் ஓடிப் பழகிவிட்டு மேலே போனால் அங்கே அது செல்லாது. காலுக்குப் பொருந்துகிற சாதாரண ஓட்ட ஷூ, தினமும் முட்டை, நல்ல தூக்கம் இவை போதும். வளரும் பிள்ளைக்கு நேரம் குறைவது பயிற்சியால்.

ஆனால் போனை வைத்த பிறகு மனசு வேறு பக்கம் போனது. விளையாட்டு விழாக்களில் பல வருஷம் நான் ஸ்டாப் வாட்ச் பிடித்தவன். வெறுங்காலில் ஓடும் பிள்ளைகளும், ஷூ போட்ட பிள்ளைகளும் ஒரே கோட்டில் நிற்பார்கள். மே மாத மண் எப்படிச் சுடும் என்று உங்களுக்கே தெரியும். டைட்டானியம், கார்பன் என்று உலகம் வாதிடுகிறது. நம் ஊரில் வித்தியாசம் 4 சதவீதத்தில் இல்லை. ஷூ உண்டா இல்லையா என்பதில் இருக்கிறது. இதற்கு எந்தச் சர்வதேச அமைப்பும் விதி போடப் போவதில்லை. நாம்தான் போட வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். நம் பள்ளியில் பொதுவாக வைத்துக்கொள்ள, பல அளவுகளில் இருபது ஜோடி ஓட்ட ஷூ வாங்கலாமா? பிராண்ட் முக்கியமில்லை, எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பி.டி. சாரிடம் பேசிவிட்டேன், பத்திரமாக வைக்க அலமாரி இருக்கிறது என்றார். முதல் இரண்டு ஜோடி என் பென்ஷனிலிருந்து. மற்றவை உங்களால் முடிந்தபடி. விருப்பமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள். கட்டாயம் எதுவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் சார்