வாயிலில் நிற்கும் குளிர்

பனிக்காலக் காலை நேரம். சுவீடன் நாட்டின் வடபகுதியில் ஏரிகள் உறைந்து கிடக்கின்றன. வெளியே வெப்பநிலை உறைநிலைக்கும் 10 டிகிரி தாழ்ந்திருக்கிறது. ஆலைத் தொழிலாளி ஒருவன் கம்பளி உடையை இறுக அணிந்து, பனியை மிதித்துக்கொண்டு வேலைக்கு வருகிறான். உள்ளே நுழைந்ததும் அவன் செவியில் விழுவது யாது? நீரைக் குளிரச் செய்யும் பொறியின் பேரிரைச்சல்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போன்றதன்றோ இது?

ஆலைக்குக் குளிர் எதற்கு? பிளாஸ்டிக் வாளி செய்யும் ஆலையில், ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் உருகிய குழம்பு அச்சினுள் பாய்கிறது. அது ஆறி இறுகினால்தான் வாளி உருப்பெறும். அதற்காக அச்சினூடே குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெப்பத்தை ஏற்றுத் திரும்பும் அந்நீரைக் குளிர்பொறி மீண்டும் குளிர்விக்கிறது. அப்பொறியின் கம்ப்ரசர் இரவும் பகலும் மின்சாரத்தை விழுங்குகிறது.

மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் தானே பாயும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றவோ ஏற்றம் இறைக்க வேண்டும். வெப்பமும் அத்தகையதே. கோடையில் வெளிக்காற்று குளிர்நீரைவிடச் சூடாக இருக்கும். ஆதலின் வெப்பத்தை வெளியேற்றப் பொறியின் துணை வேண்டும். பனிக்காலத்திலோ வெப்பம் தானே வெளியேறக் காத்திருக்கிறது. வழி திறந்துவிடுவதே மனிதன் செய்ய வேண்டுவது.

அவ்வழி எளியது. உறையாதிருக்கக் கிளைக்கால் கலந்த நீரை, ஆலைக்கு வெளியே அமைந்த குழாய்ச் சுருள்களில் செலுத்துவர். விசிறிகள் அவற்றின்மீது குளிர்காற்றை வீசும். நீர் குளிர்ந்து திரும்பும். கம்ப்ரசர் ஓய்வு கொள்ளும். விசிறிக்கும் பம்புக்கும் வேண்டிய சிறிதளவு மின்சாரமே செலவு.

இக்கருத்தைப் பெரிய அளவில் கையாண்ட இடம் ஒன்று உண்டு. வடதுருவ வட்டத்திற்குச் சற்றுத் தெற்கே லூலியோ என்னும் சுவீடன் நகரம் இருக்கிறது. அங்கே 2013ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் தரவு மையத்தைத் திறந்தது. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் வெளியிடும் வெப்பத்தை, வெளியிலிருந்து வடிகட்டி எடுக்கும் காற்றே தணிக்கிறது. காற்று மிகக் குளிர்ந்திருக்கும் நாளில், கணிப்பொறிகளின் வெப்பக்காற்றையே சிறிது கலந்து அளவுபடுத்துகின்றனர்.

ஆயினும் இது எங்கும் எப்போதும் பயன்படும் வழியன்று. ஆண்டு முழுவதும் வெம்மை நிலவும் நாட்டிற்கு இது பொருந்தாது. குளிர் நாட்டிலும் கோடை வந்தால் பழைய பொறியை மீண்டும் இயக்கியே ஆகவேண்டும். புதிய குழாய்களுக்கும் விசிறிகளுக்கும் இட்ட முதல், குளிர் பல மாதங்கள் நீடித்தால்தான் மீளும்.

கோடைக்கென வாங்கிய பொறியைப் பழக்கத்தின் காரணமாகவே பனிக்காலத்திலும் ஓட்டுவது வீண்செலவு. பொறியைப் படைப்பது அறிவு. அது வேண்டாத காலத்தை உணர்ந்து நிறுத்தி வைப்பது அதனினும் சிறந்த அறிவு. இயற்கை தன் கொடையோடு வாயிலில் வந்து நிற்கிறது. கதவைத் திறப்பவனே அதன் பயனைப் பெறுகிறான்.