கேட்டு வாசிக்கிற நாயனம்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. சின்ன ஊர். பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, "நாயனம் செய்யுற வீடு எங்கே?" என்று கேட்டால் போதும், யாரும் வழி சொல்வார்கள். பெயர் பெற்ற வித்வான்கள் பலர் கையில் பிடித்த நாதஸ்வரம் இங்கே கடைந்து எடுக்கப்பட்டதுதான். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தத் தொழிலை இன்று தாங்கி நிற்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான்.

ஒரு கேள்வியோடுதான் அங்கே போனேன். கோயில்களில் பொத்தானை அழுத்தினால் முழங்கும் மின்சார மேளம் வந்துவிட்டது. கல்யாணங்களில் கெட்டிமேளம் செல்போனிலிருந்து ஒலிக்கிறது. சினிமாப் பாட்டில் வரும் நாதஸ்வரம் பல சமயம் கீபோர்டில் வாசித்ததாக இருக்கிறது. காதுக்கு எல்லாம் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் கேட்கின்றன. அப்படியானால் ஆள் உட்கார்ந்து வாசிப்பதில் எது கூடுதல்? இதற்குப் பதில் கச்சேரி மேடையில் கிடைக்காது, கருவி பிறக்கும் இடத்தில்தான் கிடைக்கும் என்று தோன்றியது.

நான் போன பட்டறை வீட்டை ஒட்டிய ஒரு கீற்றுக் கொட்டகை. தரையெல்லாம் மரச்சுருள். எழுபது வயது தாண்டிய ஆசாரி கடைசல் இயந்திரத்தின் முன்னால் இருந்தார். "வாங்க தம்பி, மரத்தூளு பரவாயில்லியா?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சுவரோரம் கறுத்துப்போன உத்தரக்கட்டைகள் சாய்ந்திருந்தன. எல்லாம் ஆச்சா மரம். பச்சை மரத்தில் நாதஸ்வரம் செய்வதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரம், நிலை இவற்றைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

"ரெண்டு தலைமுறை வெயிலும் மழையும் பார்த்த மரமா இருக்கணும் தம்பி. உள்ள இருக்கிற எண்ணெய்ப் பசை எல்லாம் போயிருக்கணும். பச்சை மரம் நாளைக்கே வளைஞ்சுக்கும், வெடிச்சுக்கும். சத்தமும் மந்தமா இருக்கும்" என்றார். ஒரு கட்டையை எடுத்து விரல் கணுவால் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். முதலாவதை ஒதுக்கி வைத்தார். எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டன.

கட்டையை உருட்டாகக் கடைந்து, நீண்ட இரும்புக் கம்பிகளால் நடுவில் துளை போடுகிறார்கள். மேலே குறுகித் தொடங்கி, கீழே போகப்போக விரியும் துளை. கம்பி கொஞ்சம் விலகினாலும் கட்டை வீண். இந்த உடற்பகுதிக்கு உலவு என்று பெயர். அதன் கீழ்முனையில் பூவைப்போல விரியும் அணசு தனி மரத்தில் கடைந்து பொருத்தப்படுகிறது. உலவில் விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே இன்னும் ஐந்து. இந்த ஐந்தையும் விரல் தொடுவதில்லை. சுருதியைச் சரிசெய்யத் தேவைக்கேற்ப மெழுகால் அடைக்கவும் திறக்கவும் அவை இருக்கின்றன.

நாதஸ்வரத்தில் குட்டையானது திமிரி. சுருதி கூடியது, வீச்சும் அதிகம். நீளமானது பாரி. இரண்டரை அடிக்குக் குறையாது, சுருதி தாழ்ந்து கனமாகப் பேசும். இந்தப் பாரியைப் பெரும்புகழ் பெறச் செய்தவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. பழைய கருவிகளில் சுத்த மத்யமம் நேராக விழாது. மூச்சையும் உதட்டையும் அடக்கித்தான் அந்த ஸ்வரத்தைக் கொண்டுவர வேண்டும். 1950களின் நடுவில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, ராஜரத்தினம் பிள்ளையின் தேவையை மனதில் வாங்கி, சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசும் பாரியைச் செய்து கொடுத்தார். வாசிப்பவர் சொன்னார், செய்பவர் கேட்டார். இன்று நாம் கேட்கும் நாதஸ்வர ஒலி அப்படி உருவானது.

அந்தப் பேச்சு இன்னும் நிற்கவில்லை என்பதை அன்று மதியம் நேரிலேயே பார்த்தேன். பக்கத்து ஊர்க் கோயிலில் வாசிக்கும் வித்வான் ஒருவர், தனக்காகச் செய்யச் சொல்லியிருந்த கருவியைப் பார்க்க வந்தார். நாற்பது வயதிருக்கும். "வாங்கண்ணே" என்று ஆசாரியின் மகன் பாய் போட்டான். வித்வான், உதட்டில் கவ்வி ஊதும் தன் சீவாளியைக் கருவியில் செருகிப் பதம் பார்த்துவிட்டு ஷட்ஜத்தைப் பிடித்தார். கொட்டகை அதிர்ந்தது. பிறகு மெதுவாகக் கல்யாணியில் மேலே ஏறினார். ஆசாரி வாசிப்பவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், ஓரிடத்தில் கையை உயர்த்தினார்.

"பஞ்சமம் கொஞ்சம் அழுத்தி ஊதுறீங்களே, உங்களுக்கு அது பழக்கமா, மரம் கேக்குதா?"

வித்வான் யோசித்தார். "மரந்தாங்கய்யா கேக்குது."

ஆசாரி கருவியை வாங்கி, கீழ்த்துளை ஒன்றில் மெழுகைக் கொஞ்சம் சுரண்டினார். மறுபடி வாசிப்பு. மறுபடி நிறுத்தம். ஒரு விரல்துளையின் விளிம்பை அரத்தால் இரண்டே இழுப்பு. இப்படியே பொழுது சாயும்வரை நடந்தது. கடைசியில் வித்வான் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தாமல் வாசித்தார், ஆசாரி எழுந்து கை கழுவப் போனார். வேலை முடிந்தது என்பதற்கு வேறு அறிவிப்பு இல்லை. "இது இவரு மூச்சுக்கு ஆனது. வேற ஆளு வாங்கினா இன்னொரு தடவை உட்காரணும்" என்று மகன் எனக்கு விளக்கினான்.

அடுத்த ஊரான திருவாவடுதுறையில் சீவாளி செய்கிறார்கள். காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளரும் கொறுக்கைத் தட்டையை அறுத்து, காயவைத்து, நெல்லோடு சேர்த்து அவித்துப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, நசுக்கி, நூலால் கட்டுகிறார்கள். நான் பார்த்த வீட்டில் ஒரு அம்மா நூல் சுற்றிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் தழும்பேறியிருந்தன. "இது ரொம்ப நாளு உழைக்காதுப்பா. வாசிக்க வாசிக்க மெலிஞ்சுபோகும். அதனாலதான் வித்வானுங்க அஞ்சாறு சீவாளியைக் கோத்து நாயனத்திலேயே தொங்கவிட்டிருப்பாங்க" என்றார். வாசிப்பு நடந்தால்தான் சீவாளி தேயும், தேய்ந்தால்தான் இவர்களுக்கு அடுத்த வேலை. கோயிலில் மேளம் நின்றால் முதலில் தெரிவது இந்தத் திண்ணையில்தான்.

பட்டறையில் பார்த்த வித்வானோடு அன்று மாலையே அவர் ஊருக்குப் போனேன். வழியில் ஒரு சிறிய சிவன் கோயிலில் தீபாராதனை. மண்டபத்து ஓரத்தில் மின்சார மேளம். மோட்டார் ஓட, இரும்புக் கைகள் முரசையும் சேகண்டியையும் மணியையும் அடித்தன. தட்டு சுற்றும்போதும் அதே அடி, திருநீறு கொடுக்கும்போதும் அதே அடி. "என்ன செய்யறது? மேளக்காரருக்குச் சம்பளம் கொடுக்க வருமானம் இல்லை. அவர் போனப்புறம் இதுதான்" என்றார் குருக்கள். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஒருகால பூஜைக்கே திணறும் கோயில் அது.

வெளியே வந்ததும் வித்வான் சொன்னதுதான் நான் தேடிப்போன பதில். "சுவாமி புறப்பாட்டுல நான் சும்மா வாசிக்கலீங்க. பார்த்துக்கிட்டே வாசிக்கிறேன். கிளம்பும்போது மல்லாரி. தேருக்குத் தனி மல்லாரி, தளிகைக்குத் தனி. சீர்பாதம் தாங்குறவங்க களைச்சாங்கன்னா காலம் இறங்கணும். சன்னதி வாசல்ல நின்னா ராகத்தை விரிக்கணும். தவில்காரர் என்னைப் பார்ப்பார், நான் குருக்கள் கையைப் பார்ப்பேன். மெஷின் யாரைப் பார்க்கும்?"

நேரடி இசையின் உண்மைத்தன்மை ஒலியின் துல்லியத்தில் இருப்பதாகவே பலர் நினைக்கிறோம். துல்லியத்தில் இயந்திரம் மனிதனை மிஞ்சும், சந்தேகமில்லை. மனிதனிடம் இருப்பது கேட்கும் காது. ஆசாரி மரத்தைக் கேட்கிறார், பிறகு வித்வானைக் கேட்கிறார். வித்வான் தவிலைக் கேட்கிறார், தெருவைக் கேட்கிறார். தாலி கட்டும் கணத்தில், விரித்துக்கொண்டிருந்த ராகத்தைச் சட்டென்று விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவுகிறார்களே, அது அந்தக் கணத்தைக் கேட்டதால் வருவது. கீபோர்டில் நாதஸ்வரம் மாதிரி ஒலிக்கும் ஸ்வரங்களைச் சேமித்து வைக்கலாம். ஆனால் தோடியின் காந்தாரம் ஸ்வரத்தில் நிற்பதில்லை, ஸ்வரங்களுக்கு நடுவே அசைகிறது. துளையைப் பாதி மூடும் விரலும், சீவாளியைக் கவ்வும் உதடும், வயிற்றிலிருந்து வரும் மூச்சும் சேர்ந்து அந்த அசைவை அப்போதைக்கப்போது முடிவு செய்கின்றன.

இதற்காக ஸ்டூடியோவைப் பழிப்பது நியாயம் ஆகாது. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் போட்டி போடும் அந்தப் பாட்டைத் தனித்தனியே பதிவு செய்து இணைத்தார்கள் என்று சொல்வார்கள். கேட்டால் அப்படித் தெரியாது. ஒருவர் வாசித்ததை மற்றவர் உள்வாங்கிப் பாடியதன் பலன் அது. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசனின் விரலுக்குப் பின்னால் இருந்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சு. ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தார். மணிக்கணக்கில் தோடி வாசித்தவரின் சில நிமிட இசைத்தட்டு இல்லையென்றால் என் தலைமுறைக்கு அவர் வெறும் பெயர். ஒலிப்பதிவு நடந்ததை நினைவில் வைத்திருக்கும் சாதனம். நடக்க வேண்டியதற்குப் பதிலாக அதை வைக்கும்போதுதான் இழப்பு தொடங்குகிறது.

அந்த இழப்பு மேளக் குழுவுக்குள்ளேயே ஒருமுறை நடந்திருக்கிறது. முன்பு நாதஸ்வரத்தோடு ஒத்து ஊதுபவர் ஒருவர் இருப்பார். விரல்துளை இல்லாத நீண்ட குழலில், மூச்சு அறுபடாமல் ஒரே சுருதியை மணிக்கணக்கில் பிடித்து நிற்பது அவர் வேலை. 1979-இல் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவைக் கொண்டுவந்தார். மின்னணுச் சுருதிப் பெட்டி பரவியதும் ஒத்துக்காரர் மெல்ல மறைந்தார். அவரோடு ஒரு பயிற்சியும் மறைந்தது. ஒத்து ஊதி ஊதியே பையன்கள் மூச்சு வளர்த்தார்கள், பெரியவர்களின் வாசிப்பை இரவெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டார்கள். பெட்டி சுருதியைத் தந்தது, அந்தப் பள்ளிக்கூடத்தைத் தரவில்லை. "நாங்க செஞ்ச கடைசி ஒத்து எப்பன்னே நினைப்பில்லை" என்றார் ஆசாரி.

இப்போது நம் முறை. கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: தினப்படி மேளம் வைக்க வசதியில்லையென்றால், பிரதோஷத்துக்கும் திருவிழாவுக்குமாவது ஒரு நாதஸ்வர, தவில் செட்டை அமர்த்துங்கள். உபயதாரர்களிடம் விளக்குக்கும் பூவுக்கும் கேட்பதுபோல மேளத்துக்கும் கேளுங்கள். தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் மூன்று ஆண்டுகள் படித்து வெளிவரும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வாசிக்க ஓர் இடம் வேண்டும். கல்யாணம் நடத்துகிறவர்கள் மண்டப அலங்காரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை நாயனத்துக்கு ஒதுக்கலாம். வாசிக்கும்போது கொஞ்ச நேரம் எதிரே உட்கார்ந்து கேட்கலாம். கேட்டு வாசிக்கிறவர்களுக்குக் கேட்க ஆள் வேண்டும். வாசிப்பு நிற்கும் ஊரில் சீவாளி தேயாது, சீவாளி தேயாவிட்டால் நரசிங்கம்பேட்டையில் கடைசல் ஓடாது.