வலியின் தவணை

முதுகுவலிக்காரர்களில் இரண்டு கட்சி உண்டு: அறுத்துக்கொண்டவர்கள், அறுக்காமல் தப்பியவர்கள். இரண்டு கட்சியாரும் தத்தம் முதுகையே சித்தாந்தமாக்கி, அகப்பட்டவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிறார்கள். தன் ருசியைத் தத்துவமாக்கிக்கொள்வது நம் விமர்சகர்களுக்கும் பழகிய காரியம் என்பதால், இந்தத் தொனி எனக்கு ரொம்பவும் பரிச்சயமானது. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். ஆனால் கட்சிக்காகப் பேசுவதற்கில்லை.

'ஜவ்வு விலகிடுச்சு' என்பார்கள் எங்கள் வரதராஜன்பேட்டையில். விலகுவது என்று எதுவும் இல்லை. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டின் வெளிச்சுற்று நார், உள்ளே கூழ். நார் கிழிந்த இடத்தில் கூழ் பிதுங்கி, பக்கத்தில் இறங்கும் நரம்பு வேரை உறுத்துகிறது. எனக்கு நான்காவது, ஐந்தாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவே. வலி புட்டத்தில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால் வழியாகப் பெருவிரல்வரை, காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு இழுக்கிறாற்போல் இருக்கும். கால்வலிக்கு மூலம் முதுகுத் தட்டில் இருக்கக்கூடும் என்பதை பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு டாக்டர்கள் 1934இல் எழுதி நிலைநாட்டினார்கள். அதற்குமுன் அந்தப் பிதுங்கலைப் பல சமயம் கட்டி என்றே நினைத்து எடுத்திருக்கிறார்கள்.

என் எம்.ஆர்.ஐ. படத்தை இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவர், இந்த வாரமே அறுத்துவிடலாம் என்றார். மற்றவர், ஆறு வாரம் பொறுக்கலாம் என்றார். ஒரே பிரதி, இரண்டு வாசிப்பு. இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு தட்டாவது உப்பியிருந்தது. நாலில் ஒருவருக்கு மேல் பிதுங்கலே இருந்தது. அவர்கள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஆக, படம் வேறு, வலி வேறு. மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்காமல் தூக்கி, எங்கே சுரீர் என்கிறது என்று பார்த்து, படத்தில் தெரிவதுதான் காலில் வலிக்கிறதா என்று பொருத்திப் பார்க்கிறவரே நல்ல வாசகர்.

பொறுத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது. பிதுங்கிய கூழை உடம்பு அந்நியப் பொருளாகப் பாவித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. விசித்திரம் என்னவென்றால், பெரிதாக வெளியே வந்த துண்டுதான் சுருங்குவதற்கு அதிக வாய்ப்பு. நார்வேயில் வெபர் என்பவர் 126 நோயாளிகளை, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பத்து வருஷம் பின்தொடர்ந்து 1983இல் எழுதினார். முதல் வருஷ முடிவில் அறுத்துக்கொண்டவர்கள் நிலை மேல். நாலாம் வருஷத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2007இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் செய்த சோதனையில், சீக்கிரம் அறுத்தவர்களுக்கு வலி சீக்கிரம் போயிற்று. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆனால், பொறுத்திருக்கச் சொன்னவர்களில் 39 சதவீதம் பேர் அந்த வருஷத்துக்குள்ளேயே பொறுக்கமுடியாமல் கத்திக்குப் போயிருந்தார்கள். என் கட்சிக்காரர்கள் 95ஐ மட்டும் சொல்வார்கள், 39ஐச் சொல்லமாட்டார்கள்.

நான் பொறுத்தேன். மாத்திரை, பிசியோதெரபி, மெதுவான நடை. மல்லாந்தே கிடப்பதால் பிரயோஜனம் இல்லை என்பது 1999இலேயே சோதித்துச் சொல்லப்பட்ட விஷயம். மூன்றாம் மாசம் கவுண்டரில் உட்கார முடிந்தது. இதை உடம்பின் ஞானம் என்று கொண்டாடலாம். ஆனால் அந்த மூன்று மாசமும் பாங்க் எனக்குச் சம்பளம் போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அதே தட்டு, அதே பக்கம். பங்குனி சித்திரையில் முந்திரிக்காட்டில் குனிந்து கொட்டை பொறுக்கவேண்டும். மற்ற நாளில் குந்தி உட்கார்ந்து கொட்டை உடைக்கவேண்டும். அறுத்துக்கொள்வது என்று அவர் முடிவெடுத்தபோது, படித்தவன் என்ற முறையில் 95 சதவீதத்தை எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "வருசம் கழிச்சு ரெண்டும் ஒண்ணுதான்னா சரி தம்பி. அந்த வருசத்துக்கு யாரு சோறு போடுவா?"

அறுத்தாலும் சில வாரம் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. சிலருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கும். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. முடிவு தெரிந்த ஆறு வாரத்துக்குக் கடன் வாங்கலாம், முடிவு தெரியாத ஆறு மாசத்துக்கு யார் கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. தோட்டை அடகு வைத்து நகைக்கடன் வாங்கினார். கடன் கொடுக்கிற இடத்தில் வேலை பார்க்கும் எனக்கு இதைவிடத் தெளிவாக அதைச் சொல்லத் தெரியாது. கடைசித் தேதியில் இரண்டு கணக்கும் ஒன்றாக முடியலாம். இடையில் ஏறிய வட்டி அந்தக் கடைசி வரியில் தெரியாது. சோதனைகள் கேட்பது கடைசி வரியை. மனிதர்கள் வாழ்வது இடையில்.

கால் பாதம் தொங்கிப்போகிறது, சிறுநீர் நிற்கிறது அல்லது தெரியாமல் போகிறது, உட்காரும் இடம் மரத்துவிட்டது என்றால் இந்த விவாதத்துக்கே இடமில்லை, அன்றே ஓடவேண்டும். மற்றப்படி, வித்தியாசம் வேகத்தில்தான் என்கிறது விஞ்ஞானம். வேகத்தின் விலை ஆளுக்கு ஆள் மாறும் என்பதைச் சொல்வது அதன் வேலையில்லை போலும்.

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் வேலூர்தான் கடைசித் தீர்ப்பு. நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது அங்கேதான். 2022இல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தூரம் குறைந்திருக்கிறது. கேட்கவேண்டிய கேள்வி அப்படியே நிற்கிறது. என்னைப் பொறுக்கச் சொன்ன டாக்டர், படத்தை உறைக்குள் போடுவதற்கு முன் ஒன்று கேட்டார்: "உங்களுக்கு லீவு எவ்வளவு இருக்கு?" வைத்தியம் சம்பந்தமாக நான் கேட்ட கேள்விகளில் அதுவே நியாயமானது என்று இப்போது படுகிறது. அந்த அக்காவை அப்படி ஒருவரும் கேட்கவில்லை. அவரே கேட்டுக்கொண்டார்.