மேடைக்கு இடஒதுக்கீடு இல்லை

மலையடிவாரக் கல்லூரி ஒன்றில் போன மாதம் மின்னணுவியல் கருத்தரங்கு. காலியம் நைட்ரைடு பற்றித்தான் பேச்செல்லாம். செல்போன் சார்ஜர் சிறுத்ததும் நீல எல்இடி எரிவதும் அதனால்தான். நீல எல்இடிக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது.

காலியம் பெரும்பாலும் பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும்போது துணைப்பொருளாகச் சிறிதளவு கிடைப்பது. எங்கள் சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பினார்கள். அதை லாரியில் ஏற்றியவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர்.

அவர் மகள் அந்தக் கல்லூரியில் இசிஇ மாணவி. கட்டுரை வாசிக்கப் பெயர் கொடுத்திருந்தாள். கிடைத்தது பதிவு மேசையும் டீத் தட்டும்.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இடஒதுக்கீடு. போராடிப் பெற்ற உரிமை அது, வகுப்பறைவரை கொண்டுவிட்டது. மேடையில் யார் பேசுவது என்பதை இன்னும் சாதிதான் முடிவு செய்கிறது. பேச்சாளர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கல்லூரிகளிடம் எழுத்தில் கேளுங்கள், தோழர்களே.