வாங்காத வெண்கலம்

2014 அக்டோபர் 1. தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. குத்துச்சண்டைப் பதக்க மேடையில் மணிப்பூரின் சரிதா தேவி அழுதபடி நின்றார். வெண்கலத்தைக் கழுத்தில் போட வந்தபோது குனியவில்லை, கையில் வாங்கினார். பிறகு வெள்ளி வென்ற பார்க் ஜி-நாவிடம் போய் அவர் கழுத்தில் அதை மாட்டிவிட்டார்.

முந்தைய நாள் 60 கிலோ அரையிறுதியில் மோதியவர்கள் இருவரும். சரிதாவின் கைதான் ஓங்கியிருந்தது என்று பார்த்தவர்களில் பலர் சொன்னார்கள். தீர்ப்பு 3-0 என்று உள்ளூர் வீராங்கனைக்குப் போனது. முறையீடு செய்ய 500 டாலர் கட்ட வேண்டும். கணவரும் பயிற்சியாளரும் அங்கேயே கடன் வாங்கிக் கட்டினார்கள். நடுவர் தீர்ப்பை எதிர்க்க முடியாது என்று முறையீடு தள்ளுபடியானது. சரிதா 2006இல் உலக சாம்பியன். பிள்ளை பெற்றபின் மறுபடி உடம்பைத் தயார் செய்து வளையத்துக்கு வந்தவர்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். நடுவர்களை விட்டுவிட்டு, சரிதாவின் நடத்தையை விசாரித்தது சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம். அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் ஓராண்டுத் தடை, 1000 சுவிஸ் பிராங்க் அபராதம். அவருக்காக விளையாட்டு அமைச்சரிடம் பேச சச்சின் டெண்டுல்கர் வர வேண்டியிருந்தது. உலக சாம்பியனான பெண்ணின் சொல்லுக்கு இவ்வளவுதான் எடை.

அந்தப் பதக்க மேடைக் காட்சியை நான் காட்டாங்குளத்தூர் வீட்டில் டிவியில் பார்த்தேன். அப்போது மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூன்று வருடம் கழித்து, நான் வேலை கற்றுக்கொடுத்த பையனுக்கே லைன் லீடர் பதவி போனது. ஷிப்ட் மீட்டிங்கில் எழுந்து, "சார், இதுக்கு என்ன கணக்கு?" என்று கேட்டேன். கணக்கை யாரும் சொல்லவில்லை. குரலை உயர்த்தியதற்கு மன்னிப்புக் கடிதம் மட்டும் கேட்டார்கள். மகளின் கல்லூரி ஃபீஸ் கட்டும் மாதம். எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிட அழகாக வந்தது. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அதனால்தான் "சரிதா கடைசியில் மன்னிப்புக் கேட்டாரே" என்று யாராவது இழுத்தால் எனக்குக் கோபம் வரும். விளையாடத்தானே அவர் எழுதிக் கொடுத்தார்? மேடையில் சொன்னதை அந்தக் கடிதம் அழித்துவிடுமா? 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு அவரால் தகுதிபெற முடியவில்லை. தடையில் போன ஓராண்டை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

அந்த ரியோவில் சண்டைகளின் முடிவுகளைச் சிலர் முன்கூட்டியே வளைத்திருந்ததாக 2021இல் மெக்லாரன் விசாரணை அறிக்கை சொன்னது. 2023 ஜூனில் ஒலிம்பிக் குழு அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே பறித்தது. ஒழுக்கம் கற்பித்தவர்களின் கதை அது. அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 30 அன்று, மல்யுத்த வீராங்கனைகள் தங்கள் பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்வாருக்குப் போனார்கள். "பதக்கத்தை அவமதிக்கலாமா?" என்ற பழைய கேள்வி அன்றும் வந்தது. பதக்கம் வாங்கியவளை யார் அவமதித்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

எங்கள் ஊரில் ஹாஸ்டல் பிள்ளைகள் சிலரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பேசுவதுண்டு. இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு பெண், "அக்கா, அந்தக் கொரியாப் பொண்ணு பாவம்ல?" என்றாள். பாவம்தான். தீர்ப்பை எழுதியது பார்க் இல்லை. ஆனால் எல்லார் கண்ணும் அவர் மேல்தான். கழுத்தில் விழுந்த வெண்கலத்தைச் சரிதாவிடம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், சரிதா வாங்கவில்லை. பார்க் அதைத் தன்னோடு கொண்டுபோகவும் இல்லை. மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கினார்.