கிரைண்டர் பாயிண்ட்டில் ஒரு கிடார்

ரொம்ப நாள் புலம்பலுக்கு ஒரு முடிவு வந்துவிட்டது மக்களே. எலெக்ட்ரிக் கிடார் வாங்கிவிட்டேன்! ரெண்டு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு, 14,500 ரூபாய். மவுண்ட் ரோட்டில் வாங்கி, கறுப்பு உறையோடு அரக்கோணம் லோக்கலில் நின்றுகொண்டே திருவள்ளூர் வந்தேன். "என்ன தம்பி, வீணையா?" என்று ஒரு பாட்டி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்க ஆரம்பித்தால் ஸ்டேஷன் போய்விடும் :)

ஒன்பதாம் நாளே மேடை கிடைத்தது. மணவாள நகரில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு குட்டிப் பாப்பாவுக்கு இதய ஆபரேஷன். வீட்டில் வசதி இல்லை. தெருப் பசங்க சேர்ந்து ஷாமியானா போட்டுப் பாட்டுக் கச்சேரி நடத்தி, உண்டியல் குலுக்குவதாக ஏற்பாடு. "நீ கிடார் வாசிடா" என்றார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் பாப்பாவைப் பற்றி யோசித்ததைவிட என் சோலோவைப் பற்றி யோசித்ததுதான் அதிகம். மனசுக்குள் நான்தான் ஜார்ஜ் ஹாரிசன்! ரவிசங்கர் கேட்டுக்கொண்டதற்காக, வங்கதேச அகதிகளுக்கு நிதி திரட்ட 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் அவர் நடத்திய கச்சேரி தெரியும்தானே? ஒரே நாளில் ரெண்டு காட்சி, சுமார் 40,000 பேர், டிக்கெட்டில் மட்டும் சுமார் 2,43,000 டாலர். ரவிசங்கர் குழு சுருதி சேர்த்து முடித்ததுமே கூட்டம் கைதட்டியது. அதையே பாட்டு என்று நினைத்துவிட்டார்களாம்.

சுருதிக்கு நானும் ஏகப்பட்ட மெனக்கெட்டேன். புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும், சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். விரலால் இழுத்துவிட்டுச் சுருதி சேர்த்து, மறுபடி இழுத்து... நாலைந்து முறை செய்தால்தான் நிற்கும். எல்லாம் செய்தேன். வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது.

மேடையில் ஆம்ப்பை ஆன் செய்ததும் 'ம்ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். கிடாரில் பிக்கப் என்று ஒன்று உண்டு. காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் அதில் மின்சாரம் உண்டாகும். சுற்றியிருக்கிற ஒயர்களின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அதுவே பிடித்துக்கொள்ளும். "இதெல்லாம் சகஜம்ணே" என்று மைக் செட் அண்ணனிடம் அலட்டிவிட்டு, ஒரு கை கம்பிமேல் இருக்க, மைக்கில் வாயை வைத்தேன். உதட்டில் சுரீர்ர்ர்!

கூட்டத்திலிருந்து அப்பா எழுந்து வந்தார். காக்களூர் தொழிற்பேட்டையில் எலெக்ட்ரீசியன். கிடார் வாங்கிய நாளிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கிடார் கம்பியில் வைத்தார். மினுக்கென்று எரிந்தது.

என் ஆம்ப் சொருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு. உள்ளே எர்த் ஒயரே இல்லை. ஆம்ப்பில் கசிகிற கரண்ட் போக வழியில்லாமல் கிடார் கம்பிக்கு வந்து நிற்கிறது. மைக் வேறு லைன், அதற்கு எர்த் உண்டு. இரண்டுக்கும் நடுவில் பாலமாக நான்! வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1972-ல் லெஸ்லி ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிடார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோயிருக்கிறார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்பா எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டார். "உங்க கிரைண்டர் பாயிண்ட் குடும்மா, எர்த் இருக்கும்." அதையும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல மூணு பின் ஒயர் இழுத்து ஆம்ப், மைக் செட் இரண்டையும் அதிலேயே கொடுத்தார். இரைச்சல் பாதி அடங்கியது. மறுபடி கம்பியில் டெஸ்டர். எரியவில்லை. "இப்ப வாசி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

வாசித்தேன். சோலோவில் ரெண்டு இடம் சொதப்பல். யாரும் கவனிக்கவில்லை. பாப்பா மட்டும் அம்மா மடியில் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தது. நல்ல ரசிகை!

உண்டியலை எண்ணினால் 21,340 ரூபாய். நான் போட்டது 500. தோளில் தொங்குவது 14,500. இந்தக் கணக்கு தொண்டையில் முள் மாதிரி நின்றது. நடந்து வரும்போது, "கிடாரை வித்துக் குடுத்துடட்டுமாப்பா?" என்றேன்.

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். "வித்தா ஒரு தடவைதான் குடுக்கலாம். இன்னும் பணம் தேவைப்படுது இல்ல, அடுத்த மாசமும் வாசி" என்றார்.

அடுத்த கச்சேரிக்கு அப்பாவே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செய்துகொண்டிருக்கிறார். மேடையேறும் நண்பர்களே, கிடார் பையில் பிக் இருக்கிறதோ இல்லையோ, ஒரு டெஸ்டர் இருக்கட்டும்.